மேசை நடுவே ஒரு வளையம்

"இது மாலையில்ல மதினி, சாப்பாட்டு மேசை நடுவுல வைக்கிற—"

"வட்டமாக் கட்டி, சுத்திப் பச்சைத் தழையை வச்சு, வெள்ளைப் பூவாச் செருகினா அதுக்குப் பேரு என்ன லிடியா? நீயே சொல்லு. என் வாயால நான் சொல்ல—"

"நடுவுல மெழுகுவத்தி வரும். முழுசாப் பாக்காமலே நீங்க—"

"மெழுகுவத்தி வேறயா? அப்பச் சரியாப் போச்சு. தலைமாட்டுல ரெண்டு, கால்மாட்டுல ரெண்டா?"

"மதினி."

"என்ன மதினி?"

லிடியா கையிலிருந்த செவ்வந்தியை மேசைமேல் வைத்தாள். அவள் விரலெல்லாம் பூக்காம்பின் பச்சைக் கறை. ஐரின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேசையை விட்டு நான்கடி தள்ளியே நின்றாள். அந்த நான்கடியைத் தாண்டி வர அவளுக்கு மனமில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், காலை பதினொரு மணி. மேட்டுப்பட்டித் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் ஆடிக்கொண்டிருக்க, இந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் வெறும் ஆணி. மார்ச் மாதம் செபஸ்தியம்மாள் இறந்துபோனாள். வருஷம் திரும்பாத வீட்டில் நட்சத்திரம் கட்டுவதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. முறுக்கும் அதிரசமும் அக்கம்பக்கத்திலிருந்துதான் வந்து அடுக்களையில் தட்டுத் தட்டாக மூடி இருந்தன.

ஐரின் செபஸ்தியம்மாளின் மூத்த மகள். வத்தலக்குண்டில் பள்ளி ஆசிரியை. முந்தின நாள் சாயங்காலம் பண்டிகைக்கென்று வந்து இறங்கியவள். லிடியா அவளுடைய தம்பி பிரான்சிஸின் மனைவி. பிரான்சிஸ், அக்காவின் குரல் ஒரு படி ஏறியதுமே, "கறிக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கறிக்கு நேற்றே சொல்லியாயிற்று.

"எங்கப்பாவை வாசல்ல உக்கார வச்சுச் சோறு போடுற. மேசைக்குப் பூ வைக்கிறியாக்கும்" என்றாள் ஐரின்.

அந்தச் சொல்தான் லிடியாவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து கேட்டதையெல்லாம் தாங்கியவளுக்கு இது தாங்கவில்லை.

"நானா உக்கார வச்சேன்?"

"நேத்து ராத்திரி நான் பாத்தேனே. வராந்தாவுல நாற்காலி, மடியில தட்டு. தெருவுல போறவுக எல்லாம் பாத்துக்கிட்டே போறாக. நாப்பது வருஷம் கண்டக்டர் வேலை பாத்த மனுசன், சொந்த வீட்டுல உள்ள உக்காந்து சாப்பிட இடமில்லையா?"

"மதினி, அடக்கம் முடிஞ்சு ஏழாம் நாள் சாப்பாட்டுல தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போனவருதான். அன்னையிலேருந்து ஒம்பது மாசம். காலையில, மத்தியானம், ராத்திரி, மூணு வேளையும் அவரு இடத்துல தட்டை வைக்கிறேன். மூணு வேளையும் எடுத்துக்கிட்டு வெளிய போயிருறாரு. எங்க ஆபீசுக்கு லீவு போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்துகூடப் பாத்தேன்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். காத்து வருதுன்னாரு."

ஐரின் வராந்தாப் பக்கம் எட்டிப் பார்த்தாள். லிடியா நிறுத்தவில்லை.

"கீரை விக்கிற மூக்காயி இருக்கே, அது போன வாரம் தெரு நடுவுல நின்னு கேக்குது. 'ஏந்தாயி, மாமனாருக்கு வாசல்லதான் சோறா? நாய்க்குக்கூட நான் உள்ள வச்சுத்தான் போடுறேன்'னு. நான் என்ன சொல்ல? காத்து வருதுன்னா சொல்ல?"

வராந்தாவில் நாற்காலி கிறீச்சிட்டது. இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இருதயநாதன் அங்கேதான் இருந்தார். காது கேட்காத மனிதரல்ல. கேட்டும் கேளாததுபோல் இருக்க, பேருந்துக் கூட்டத்தில் பழகியவர்.

"அதுக்கு இந்த வளையமா?" என்றாள் ஐரின். குரலில் முன்னிருந்த காரம் இல்லை.

"செல்லுல பாத்தேன். ஒரு பொம்பளை செய்யுது. வட்டமாக் கட்டி மேசை நடுவுல வச்சு, மெழுகுவத்தியைப் பொருத்துது. வீட்டாளுக சுத்தி உக்காருறாக. அதை வச்சதும் அந்த மேசையே வேற மேசை மாதிரி ஆயிருச்சு மதினி. இங்க... இந்த மேசை மேல அத்தையோட சவப்பெட்டி இருந்த எடம் கண்ணுல படாம இருந்தா, மாமா ஒரு நாளாவது வந்து உக்காருவாருன்னு நெனச்சேன். நாளைக்கு ஒரு வேளை உக்காந்துட்டாருன்னா அதுக்கப்புறம் பழகிரும்."

ஐரின் மெல்ல அந்த நான்கடியைக் கடந்து வந்தாள். வளையத்தின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"பெட்டி இருந்த எடத்துல, பெட்டி மேல இருந்ததையே கொண்டாந்து வச்சிருக்கியே லிடியா. எங்க பள்ளிக்கூடத்துலேருந்து கொண்டாந்தது அச்சா இதேதான். இதே தழை. இதே செவ்வந்தி."

லிடியா அப்போதுதான் பார்த்தாள். மூன்று மணி நேரமாகக் கையில் வைத்திருந்ததை, சவுக்குத் தழையை ஒவ்வொன்றாகக் கட்டியதை, வெள்ளைச் செவ்வந்தியும் சம்பங்கியும் மாற்றி மாற்றிச் செருகியதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். மலர் வளையம்தான். பேர் எழுதிய ரிப்பன் ஒன்றுதான் பாக்கி.

ரிப்பன் என்றதும் அவள் நெஞ்சில் வேறொன்று தட்டியது.

"மதினி, இந்த வைக்கோல் வளையம் நான் கட்டினது இல்ல. காலையில பூ மார்க்கெட்டுல வாங்கினேன்."

"யாருகிட்ட?"

"சோலைமலைன்னு ஒருத்தர். வட்டமா ஏதாவது இருக்குமாண்ணேன்னு கேட்டேன். உள்ள போயி இதை எடுத்தாந்தாரு. 'யாரு வீட்டுக்குப் பாப்பா?'ன்னாரு. கண்டக்டர் இருதயநாதன் வீட்டுக்குன்னேன். அப்படியே நின்னுட்டாரு. அப்புறம், 'ரிப்பன்ல பேரு எழுதணுமா?'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாண்ணே, நாங்களே வீட்டுல வைக்கிறதுதான்னேன். 'எப்ப?'ன்னாரு. நாளைக்கு மத்தியானம்னேன். வெலை சொல்லவே மாட்டேன்னுட்டாரு. 'இதுக்கெல்லாம் பேரம் பேசக்கூடாது, எடுத்துட்டுப் போ'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பண்டிகைக்குன்னு மரியாதை பண்ணுறாருன்னு நெனச்சு, நானும் சிரிச்சுக்கிட்டே கும்பிட்டேன்."

"சிரிச்சியா?"

"நல்லாச் சிரிச்சேன்."

ஐரின் அவள் முகத்தையே பார்த்தாள். "நீ யாரு செத்ததா சொல்லிட்டு வந்திருக்க, தெரியுதா?"

லிடியா பதில் சொல்வதற்குள் வெளியே வண்டிச் சத்தம். கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி. தோளிலிருந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டியிருந்தார். இரண்டு கையிலும் வாழையிலை விரித்து அதன்மேல் ரோஜா மாலை ஒன்று, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல. தலை குனிந்தே நடந்து வந்தவர் வராந்தாப் படியில் கால் வைத்து நிமிர்ந்தார். எதிரே நாற்காலியில் இருதயநாதன்.

"யாரு?" என்றார் இருதயநாதன்.

இருதயநாதன் வந்தவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கன்னிவாடிச் சோலைமலையா?"

"ஆமாண்ணே."

"மூணு மூடை சம்பங்கி, ரெண்டு மூடை கோழிக்கொண்டை. விடிகாலை மொத வண்டி. கடைசி சீட்டுல மூடை மேல சாஞ்சு தூங்குவ."

"ஆமாண்ணே."

"கையில என்னப்பா?"

"மாலைண்ணே."

"யாருக்கு?"

சோலைமலை கதவு வழியாக உள்ளே பார்த்தார். இரண்டு பெண்கள், மேசை, மேசைமேல் தன் கடை வளையம். மறுபடி இருதயநாதனைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"உங்களுக்குத்தாண்ணே."

இருதயநாதன் மாலையைப் பார்த்தார். சோலைமலையின் இடுப்பிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"நான் இன்னும் போகலையேப்பா."

"தெரியுதுண்ணே."

"இப்பத்தான் தெரியுதா?"

"பாப்பா வந்து வளையம் வாங்கிச்சு. உங்க வீட்டுக்குன்னுச்சு. அக்கா போனது எனக்குப் பதினாறு நாள் கழிச்சுத்தாண்ணே தெரியும். மொகத்தைக்கூடப் பாக்கல. அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவையாவது முன்னாடியே போயி நின்னுருவோம்னு கடையைப் பக்கத்துக் கடைக்காரன்கிட்ட விட்டுட்டு..."

"பண்டிகைக்கு முந்தின நாள். யாவாரம் ஓடுற நேரத்துல கடையை விட்டுட்டா வந்த?"

"வேற யாருக்குன்னாலும் வந்திருக்க மாட்டேண்ணே."

இருதயநாதனின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்து லிடியா தண்ணீருக்கு ஓடப் பார்த்தாள். ஐரின் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர, மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக.

"கொண்டா இங்க. எனக்குத்தானே கொண்டாந்த? கொடுக்காமத் திருப்பிக் கொண்டுபோகப் பாக்குறியா?"

மாலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்க. உள்ள வா" என்றார். சொன்னவர், தானே எழுந்து, மாலையை ஒரு கையில் தொங்கவிட்டபடி முன்னால் நடந்து கூடத்துக்குள் வந்தார். மேசையில் கிடந்த வளையத்தைக் கண்டதும் அவர் கால் நின்றுவிட்டது.

வெளியே எங்கோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாமச் செஞ்சுட்டேன் மாமா" என்றாள் லிடியா. "பிரிச்சுப் போட்டுருறேன்."

"எதுக்குச் செஞ்ச?"

"நீங்க உள்ள வந்து சாப்பிடணும்னு."

இருதயநாதன் மேசையின் வாசல் பக்கத்து முனையைக் காட்டினார். "அது யாரு நாற்காலி?"

"உங்களது."

"ஐரினு, அம்மாவை எப்படிக் கெடத்தியிருந்தோம்?"

ஐரின் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். "தலை திருஇருதயப் படத்துப் பக்கம்ப்பா. காலு வாசப் பக்கம்."

"ம்."

அந்த "ம்" லிடியாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அவ கால்மாட்டுல தட்டை வச்சு எப்படிம்மா சாப்பிடுறது?" என்றார் அவர், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, வழி கேட்பவரைப்போல. "நீ மூணு வேளையும் அங்கதான் வைக்கிற."

"உங்க எடம்னு வச்சேன் மாமா. வேற எடத்துல வச்சா, அத்தை போனதும் மாமா எடத்தையும் மாத்திட்டாளேன்னு நீங்க நெனச்சிருவீகன்னு..."

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்லல. எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"காத்து வருதுன்னீகளே."

"காத்தும் வந்துச்சு."

லிடியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது மாதம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. மரியாதை என்று நினைத்து அத்தனை தடவையும் அவரை அந்தக் கால்மாட்டுக்கே கூப்பிட்டிருக்கிறாள். அவரும் அவள் மனம் நோகக்கூடாது என்று அத்தனை தடவையும் தட்டை ஏந்திக்கொண்டு வெளியே போயிருக்கிறார். தெருவில் போகிறவர்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

கதவோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற சோலைமலை தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேசையைத் திருப்பிப் போட்டா என்னண்ணே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நீளவாக்குல கெடக்குறதைக் குறுக்கவாக்குல போட்டா, தலைமாடு ஏது, கால்மாடு ஏது?"

தேக்கு மேசை. நான்கு பேரும் நான்கு காலைப் பிடித்தார்கள். "உங்களுக்கு முதுகு வலிக்கும்ப்பா, நீங்க விடுங்க" என்று ஐரின் சொல்ல, "நான்தான் செத்துட்டேனே, எனக்கு என்ன வலி" என்றார் இருதயநாதன். ஐரின் மேசையை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள், மறுபடி வந்து பிடித்தாள். மேசை நகர்ந்த இடத்தில் சிவப்புத் தரையில் நான்கு வெளுத்த சதுரங்கள் தெரிந்தன. லிடியா ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். போகவில்லை. விட்டுவிட்டாள்.

"இதைக் குப்பையில போட்டுட்டு வாரேன்" என்று அவள் வளையத்தைத் தூக்கினாள்.

"எதுக்கு? பூ என்ன பாவம் பண்ணுச்சு? அருவாமனையைக் கொண்டா" என்றார் இருதயநாதன்.

தரையில் உட்கார்ந்து, அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு, வளையத்தை ஓரிடத்தில் வைத்து அறுத்தார். வைக்கோல் நறநறவென்று அறுந்தது. இரண்டு முனையும் பிரிந்தன. ஐரின் ஒரு முனை, லிடியா ஒரு முனை பிடித்து இழுத்தார்கள். நேராகிற மாதிரி வரும், கையை எடுத்தால் மறுபடி வளையும்.

"அம்மிக் குழவியைத் தூக்கி மேல வை" என்றாள் ஐரின்.

"தழையெல்லாம் நசுங்கிரும் மதினி."

"நசுங்கட்டும். வேற செருகிக்கிடலாம். வட்டம் போகணும்ல?"

குழவியை வைத்து அரை மணி நேரம் அழுத்தியபின், லேசாக வில்போல வளைந்தாலும் ஒரு பக்கம் ஒருக்களித்து நீளமாகக் கிடந்தது. சோலைமலை மாலையின் கட்டை அவிழ்த்து ரோஜாக்களை உதிர்த்துக் கொடுத்தார். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பூவுக்குப் பூ குத்தி, லிடியா செருகினாள். அடுக்களையில் பொரியலுக்கு வைத்திருந்த வாழைத்தண்டில் நான்கு துண்டு வெட்டி, நடுவில் குழித்து, மெழுகுவர்த்திக்கு நிலை செய்தாள் ஐரின்.

"அந்த ரோஜாவை ஒசத்திச் செருகாத. எதுத்தாப்புல இருக்கிறவுக மூஞ்சி தெரிய வேண்டாமா?"

"கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

"எடுப்பும் வேண்டாம், தொடுப்பும் வேண்டாம். தணிவா வை."

"சரி. செவ்வந்தியை எடுத்துருவோம். சம்பங்கி மட்டும் ரெண்டு இருக்கட்டும் மதினி. அத்தைக்குப் பிடிக்கும்."

ஐரின் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா? அம்மாவுக்குச் சம்பங்கி வாசமே ஆகாது. தலைவலி வந்துரும்."

"இல்லையே மதினி. வாராவாரம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான்தானே வாங்கிட்டு வருவேன். வாங்கித் திருஇருதயப் படத்துக்கு வச்சுட்டு, 'நல்லா இருக்கு தாயி'ம்பாக."

"எத்தனை வருஷமா வாங்குற?"

"கல்யாணமாகி வந்ததிலேருந்து. பதினாலு வருஷம்."

லிடியா சம்பங்கியை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். ஐரினும் சேர்ந்து எடுத்தாள்.

சோலைமலை கிளம்பும்போது, "நாளைக்கு மத்தியானம் வந்துரு. நீயே நேரம் கேட்டு வச்சிருக்க, மறக்க மாட்ட" என்றார் இருதயநாதன்.

மறுநாள் மத்தியானம் சோலைமலை சொன்ன நேரத்துக்கு வந்தார், மாலை இல்லாமல், ஒரு பூசணிக்காயோடு. பிரான்சிஸ் குறுக்கே கிடந்த மேசையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டான். மட்டன் பிரியாணி அண்டாவில் தம்மில் இருந்தது. மேசை நடுவே, ரோஜாவும் சவுக்குத் தழையுமாக அந்த நீளமான பூவரிசை, ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், நடுவில் நான்கு மெழுகுவர்த்தி. லிடியா இந்தத் தடவை மாமனாரின் தட்டை மேசையின் சுவரோரப் பக்கம் வைத்தாள். வைத்துவிட்டு வராந்தாப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். கரண்டியை இரண்டு தடவை கழுவினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. காலடி உள்ளே வந்தது. இருதயநாதன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுவரோரம் வைத்திருந்த தட்டைக் கையில் எடுத்தார். லிடியா வாசலைப் பார்த்தாள். அவர் தட்டோடு வாசலுக்குப் போகவில்லை. அடுக்களைக் கதவை ஒட்டிக் கிடந்த நாற்காலியை இழுத்து, தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்தார். அது செபஸ்தியம்மாளின் நாற்காலி. லிடியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐரின் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

ஜெபம் சொன்னார்கள். மெழுகுவர்த்தியைப் பிரான்சிஸ் பொருத்தினான். லிடியா அடுக்களைக் கதவருகே நின்று பரிமாறினாள். இருதயநாதன் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. தணிந்து கிடந்த பூவரிசைக்கு மேலாக ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்.

"பிரான்சிஸு, உனக்குப் பச்சடி வைக்கல."

"வாங்கிக்கிடுறேன்ப்பா."

"சோலைமலைக்கு எலும்பா விழுந்திருக்கு. கறியா எடுத்து வை லிடியா. ஐரினு, என்ன, சோத்தை ஓரத்துக்கு ஒதுக்குற? சின்னப் புள்ளையில செஞ்ச மாதிரியே இருக்கு."

"ஒதுக்கலப்பா, சூடா இருக்கு."

"எனக்குத் தெரியுது."

லிடியா சோலைமலையின் தட்டில் இரண்டு துண்டு கறி வைத்தாள். பிரான்சிஸுக்குப் பச்சடி. அண்டாவைக் கிண்டி இன்னொரு கரண்டி அள்ளினாள். நிமிர்ந்தபோது மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியை, அவள் நின்ற இடத்தை, அவளுக்கென்று மேசையில் வைத்திருந்து யாரும் தொடாத தட்டை.

"இங்க உக்காந்து பாத்தா எல்லாரு தட்டும் தெரியுதும்மா" என்றார் இருதயநாதன். "ஆமா, உங்கத்தை எப்பச் சாப்பிட்டா?"